கால், காது, ஆள்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வாசித்துவிட்டு, இதில் மூன்றாவது பந்தி தேவையில்லை என்று சொல்லி அனுப்பக்கூடிய ஆள். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் நான் புருவம் திருத்துகிற கடைக்கு ஐந்து குளிர்காலங்கள் வந்துபோனார். ஒருநாளாவது எங்களிடம் புருவம் திருத்தியதில்லை. அவர் வந்தது எங்கள் கடையின் தொலைக்காட்சிக்காக.

சனிக்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணிபோல வருவார். விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போகிறவருக்குப் பின்னேரம் முழுதும் சொந்தம். கால்மிதியில் சப்பாத்தை இரண்டுதரம் துடைப்பார். யாரையும் கேட்காமல் ரிமோட்டை எடுத்துச் சீரியலை நிறுத்தி விளையாட்டுச் சானலுக்கு மாற்றுவார். பிறகு என் மேசையில் மெழுகு வைத்து மயிர் எடுப்பதற்காக வெட்டி அடுக்கியிருக்கும் துணித்துண்டுகளில் ஒன்றை எடுத்து, திரையின் இடது மேல்மூலையில் ஒட்டுநாடாவால் ஒட்டுவார். பனித்தளத்தில் சோடியாகச் சறுக்கி ஆடுகிற ஐஸ் டான்ஸைக் காட்டும்போது அந்த மூலையில் ஒரு சின்னப் பெட்டி ஓடும். சோடி ஆட ஆட அவர்களுடைய மார்க் அதில் ஏறிக்கொண்டே போகும். அது கண்ணில் படக்கூடாது என்பது அக்காவின் சட்டம்.

"முதல் எழுதவேணும். பிறகுதான் பாக்கவேணும்."

இதை அவர் சொல்லாத சனிக்கிழமை கிடையாது. இரண்டாம் குளிர்காலம் முடிவதற்குள் அந்த மூலையில் ஒரு பிசின் தடம் நிரந்தரமாகிவிட்டது. சீரியல் மாமியார்கள் இடதுபக்கம் வந்து நின்றால் அவர்களுடைய நெற்றி மங்கிப்போகிறது என்று கடைக்காரி என்னிடம் முறைப்பட்டார். அக்காவிடம் முறைப்பட அவருக்குத் துணிவு இல்லை. எனக்கும் இல்லை.

மூலையை மூடியதும் கைப்பையிலிருந்து ஒரு தாளும் பேனையும் வெளியே வரும். தாளில் மூன்று நிரல்கள், ஒவ்வொன்றும் பத்துக்கு. கால், காது, ஆள். கால் என்றால் சறுக்குச் சப்பாத்தின் அடியில் இருக்கிற பிளேட்டின் விளிம்பில் எவ்வளவு துணிந்து சாய்கிறார்கள் என்பது. காது என்றால் இசையைக் கேட்டு ஆடுகிறார்களா, இசை ஒருபக்கம் ஓட இவர்கள் ஒருபக்கம் ஓடுகிறார்களா என்பது. இந்த இரண்டையும் ஆட்டம் நடக்கும்போதே எழுதிவிடுவார். மூன்றாவதற்கு மட்டும், ஆட்டம் முடிந்து சோடி கும்பிட்டு நிமிர்ந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பார். பிறகு கண்ணைத் திறந்து ஓர் எண்ணை எழுதி, அந்த வரி மறையத் தாளை மடித்துவிடுவார். மடித்த தாள் மடித்ததுதான். நடுவர்கள் என்ன போட்டாலும், உலகமே எழுந்து நின்று கைதட்டினாலும், அதைத் திறந்து திருத்தமாட்டார்.

எங்கள் கூட்டம் நான்கு பேர். எதிர்ப்பக்கம் ரெலிபோன் கடை வைத்திருந்த அண்ணை பிரெஞ்சுச் சோடியைத் தவிர வேறு யாருக்கும் கைதட்டமாட்டார். காட் தந்த நாட்டுக்குத் தட்டாமல் வேறு யாருக்குத் தட்டுவது என்பது அவருடைய கேள்வி. வதிவிட அனுமதி அட்டைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் காட். கடைக்காரிக்குச் சோடிகள் உண்மையாகவே காதலிக்கிறார்களா என்பது தெரியவேண்டும். காதலர்கள் என்றால் முதலிடம், அண்ணன் தங்கை என்றால் கடைசி. நான் யார் விழுந்தாலும் அவர்கள் பக்கம் போய்விடுவேன். ஆகமொத்தம் மூன்று கோணல் நடுவர்களும் ஒரு நேரான நடுவரும். எங்களிடையே நடந்த சண்டைக்கு, நூல் பிடித்துப் புருவம் எடுக்க வந்த பெண்கள் அரைப் புருவத்தோடு காத்திருந்த நாட்களும் உண்டு.

அண்ணைக்கு அந்த மூன்றாவது நிரலில்தான் கொதி. காலை எண்ணலாம், தாளத்தைக்கூட ஒருமாதிரிப் பிடிக்கலாம், ஆளுக்கு எப்படி மார்க் போடுவது என்று கேட்பார். கலை என்பது அவரவர் விருப்பம், அதற்கு மார்க் போடுகிற நடுவர் எல்லாம் தன் நாட்டுக்காரனுக்கு அள்ளிக் கொடுக்கத்தான் அந்த நிரலை வைத்திருக்கிறார் என்பது அவர் கட்சி. தன் நாட்டுக்காரனுக்கு அள்ளிக் கொடுப்பதைப் பற்றி அவர் பேசியது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு இது சிரிக்கிற விசயம் இல்லை.

"ஆடி முடிஞ்சாப் பிறகு கண்ணை மூடுங்கோ அண்ணை. மூடினாப் பிறகும் ஒரு ஆள் நிக்குதோ எண்டு பாருங்கோ. உடுப்பு மட்டும் நிண்டா சைபர். சிரிப்பு மட்டும் நிண்டா ரெண்டு, மூண்டு போடலாம். ஆளே நிண்டா மட்டும்தான் அதுக்கு மேலை."

அண்ணை கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, தனக்குப் பிரெஞ்சுக்கொடி மட்டும் தெரிகிறது என்றார்.

ஒரு பெரிய போட்டியின் இறுதிநாள். பிரெஞ்சுச் சோடியும் வெளிநாட்டுச் சோடி ஒன்றும் கிட்டத்தட்டச் சமம். அக்கா வழக்கம்போல மணிக்கூட்டை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். பெண்ணை ஆண் தூக்கிப் பிடிப்பதற்கு நேரக் கணக்கு உண்டு. சாதாரணத் தூக்கு என்றால் ஏழு செக்கன். பிரெஞ்சுக்காரர் தூக்கியபோது அக்காவின் உதடு எட்டு என்று அசைந்ததை நான் கண்டேன். நடுவர்கள் காணவில்லையோ, கண்டும் விட்டுவிட்டார்களோ, பிரெஞ்சுச் சோடி முதலாவதாக வந்தது. அண்ணை ஓடிப்போய் எல்லோருக்கும் ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கிவந்தார். அக்காவும் ஒன்றை எடுத்து ஆறுதலாகச் சாப்பிட்டு, விரலைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ரோல் நல்லாயிருக்கு. ஆனா அவை ரெண்டாவது."

அண்ணை இரண்டு கிழமை கடைப்பக்கம் வரவில்லை. மூன்றாவது கிழமை வந்து, அந்த வீடியோவைத் தானும் மணிக்கூடு வைத்துப் பார்த்ததாகச் சொன்னார். எத்தனை செக்கன் வந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வடக்குப் புறநகரில் நகரசபைக்குச் சொந்தமான ஒரு பனித்தளத்தில் அவர் துப்புரவு வேலை செய்தார். பனித்தளத்தைப் பத்தினுவார் என்று நாங்கள் சொல்வோம். இருக்கைகளுக்கு நடுவே குனிந்து சிப்ஸ் பைகளைப் பொறுக்கிக்கொண்டே எட்டு ஒன்பது வருடம் ஆட்டம் பார்த்தவர். பயிற்சியாளர்கள் கத்துகிற பிரெஞ்சை எல்லாம் காதில் போட்டு வைத்திருந்தார். குனிந்திருக்கும்போது ஆட்டம் தெரியாது, சத்தம்தான் கேட்கும். அப்படித்தான் அவர் கால்களைப் படித்தார். நன்றாகச் சாய்ந்து போகிற கால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போடும், பயந்த கால் தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் போடும் என்பார். தொலைக்காட்சியில் ஒரு பெரிய வீராங்கனையைக் காட்டி, இவ துருவுறா, என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். ஆனால் அவர் ஒருநாளும் பனியில் ஏறியதில்லை. ஏறினால் தன் காலைப் பற்றித்தான் யோசிப்பேன், மற்றவர்களுடைய காலைப் பார்க்க முடியாது என்றார்.

மன்னாரிலிருந்து வந்த வேதக்காரர் அவர், கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குத் தவறாமல் போவார். ஒருமுறை பூசை முடிந்து வெளியே வந்த சுவாமியார், பிரசங்கம் எப்படி இருந்தது என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டார். அது எல்லோரும் நல்லாயிருந்தது சுவாமி என்று சொல்லிவிட்டுப் போகிற கேள்வி. அக்கா நின்று யோசித்து, தொடக்கம் நல்லது, நடுவில் வேறு யாரோ எழுதினதைச் சொன்னமாதிரி இருந்தது, முடிவில் திரும்பவும் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றார். அன்றிலிருந்து அந்தச் சுவாமியார் அவரைக் கண்டால் பக்கவாசலால் போய்விடுவார். எனக்கும் சில நாட்களில் அப்படித்தான் இருந்தது. எங்கள் கடையில் மணப்பெண் அலங்காரம் செய்துமுடித்து, எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கும்போது, இவரின் முகத்தை மட்டும் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு படுவேன்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பனித்தளத்தைத் திருத்த வேண்டும் என்று மூடினார்கள். அவர் தெற்கே தம்பி வீட்டுக்குப் போனார். கொஞ்சக்காலம் போன் வந்தது, பிறகு இலக்கமே மாறிவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் தொலைக்காட்சியின் மூலையில் எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

என் மகள் ஆரணி அந்தப் பனித்தளத்தில்தான் ஆடினாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள், போனவள் திரும்பி வரவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஐஸ் டான்ஸுக்குச் சோடி வேண்டும். ஆனால் இங்கே பையன்கள் எல்லாம் ஹொக்கிக்குப் போய்விடுவதால், சோடி கிடைக்காத பெண்களுக்குத் தனியாகவும் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். சட்டம், நடுவர், மார்க் எல்லாம் கிட்டத்தட்ட அதே மாதிரி, தூக்குவதற்கு மட்டும் ஆள் இருக்காது. ஆரணிக்குப் பதினைந்து வயது நடந்தபோது, முதல் சுற்றில் நல்ல இடம் எடுத்தால் தேசிய இறுதிக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. அவள் ஏழு வருடமாக அந்த ஓர் இடத்துக்காகத்தான் விடிய எழும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் தானே ஓர் ஆட்டம் யோசித்து வைத்திருந்தாள். பியானோ இசைக்கு, நாங்கள் இருக்கிற கார்ஜ் லே கொனெஸ் நிலையத்தில் பிந்தி வருகிற டி தட ரயிலுக்காக ஒரு பெண் காத்து நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. பயிற்சியாளருக்கும் பிடித்திருந்தது. எனக்குத் தலையில் இடி விழுந்தமாதிரி இருந்தது. நாள்தோறும் குளிரில் நின்று நாங்கள் படுகிற பாட்டைப் பார்க்க நடுவர்கள் வரப்போகிறார்களா என்று கேட்டேன். கடையில் பேசினேன். கடைக்காரியும் அண்ணையும் ஒரே குரலில், எங்கடை கலை இருக்கும்போது ரயில் எதற்கு என்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் ஒரேமாதிரி ஆடும்போது இவள் முத்திரை பிடித்தால் கலைக்கான மார்க் தானாக வந்து விழும் என்று கணக்குப் போட்டோம்.

அப்புறம் நான் விடவில்லை. மிருதங்கமும் வயலினும் கலந்த ஓர் இசையை எடுத்தேன். கீழ்வீட்டுப் பிள்ளை ஒருத்தி பரதம் படித்தவள், அவளைக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணிக்கு முத்திரைகள் காட்டுவித்தேன். தாமரை, மான், வில். ஏன் மான், எதற்கு வில் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சேலைக்கடையில் பட்டுத் துண்டு வாங்கி உடை தைத்தோம். நெற்றிச்சுட்டி வைத்தோம். ஆரணி கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது நான் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். அவள் எனக்குப் பதில் சொல்வதெல்லாம் பிரெஞ்சில்தான். நான் கேட்காத மாதிரி ஊசியில் நூல் கோத்தேன்.

அக்கா இருக்கைகளுக்கு நடுவே நின்று அந்தப் பயிற்சிகளை எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. போட்டிக்கு முன்னால் கருத்துச் சொல்லக்கூடாது என்பதும் அவருடைய சட்டங்களில் ஒன்று. ஒரேயொரு தரம் என்னிடம் வந்து, உடையில் இருந்து ஏதாவது கழன்று பனியில் விழுந்தால் ஒரு மார்க் வெட்டுவார்கள், அந்தச் சுட்டியைத் தலைமயிரோடு சேர்த்துத் தைத்துவிடு என்றார். தைத்தேன்.

போட்டியன்று லாச்சப்பலில் இருந்து எங்கள் கூட்டம் முழுதும் அந்தப் பனித்தளத்துக்கு வந்தது. கடைக்காரி போத்தலில் பாலில்லாத பிளேன்ரீயும் கண்ணாடித்தாளில் சுற்றிய ரோல்ஸும் கொண்டுவந்தார். ஆரணி வெளியே வந்ததும் அரங்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. மிருதங்கம் தொடங்கியது. அவள் தாமரை பிடித்தாள், மான் பிடித்தாள், கழுத்தை இருபுறமும் வெட்டி அசைத்தாள், நடுவர் வரிசையில் இருந்த அம்மா ஒருவர் தலையைச் சரித்துச் சிரித்ததை நான் கண்டேன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மார்க் வந்தது. முதலிடம். கலைக்கான மார்க்கில் இரண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் பெரிய இடைவெளி. அண்ணைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் எத்தனை பேரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா மேல்வரிசையில், துப்புரவு வண்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே இருந்தார். மடித்த தாள் கையில் இருந்தது. நான் வெற்றி மிதப்பில் ஏறிப்போய்க் கையை நீட்டினேன். தயங்காமல் தந்தார். ஆரணியின் பெயருக்கு நேரே கால் ஆறு, காது நாலு என்று இருந்தது. மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தது. சைபர்கூடப் போடவில்லை. ஆளுக்கு ஒன்றும் எழுதாததால் கூட்டுத்தொகையும் இல்லை, இடமும் இல்லை. மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதியிருந்தார், விழுந்து எழும்பின பிள்ளைக்குக்கூட.

எழுத மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். கண்ணை மூடிப் பார்த்ததாகவும், அந்த உடுப்புக்குள் யார் நின்றது என்று தெரியவில்லை, தெரியாத ஆளுக்கு எப்படி மார்க் போடுவது என்றும் சொன்னார். கை ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தது, காலுக்கு அந்தக் கதை தெரியாது என்றார். குரலில் கோபமோ கேலியோ இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சொன்னதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நிலம் கூட்டுகிறவர்களுக்கு நடனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். நானும் வந்த புதிதில் இரண்டு வருடம் அலுவலகங்கள் கூட்டியவள்தான். அதைத் தெரிந்துகொண்டே கேட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையில் கிடந்த வெற்றுக் கோப்பையை எடுத்து வண்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை, நான் இஞ்சை வந்து முதல்தரம் அகதிக் கேஸ் சொல்லேக்கை நடந்ததை நடந்தபடி சொன்னனான். அழேல்லை. எனக்கு அழுகிற காலம் முடிஞ்சுபோச்சு. நம்பேல்லை எண்டு எழுதி அனுப்பினவை. ரெண்டாந்தரம் போகேக்கை எல்லாரும் சொல்லிவிட்டவை, அழு, அப்பத்தான் நம்புவினம் எண்டு. அதே கதைதான், ஒரு சொல் மாத்தேல்லை. அழுதுகொண்டு சொன்னன். காட் கிடைச்சது."

நான் கையில் இருந்த தாளைத் திரும்ப மடித்தேன்.

"காட் என்ரை கையிலை இருக்கு. ஆனா அவை அதை அழுத பொம்பிளைக்குக் குடுத்தவை, எனக்கில்லை. அவை எதைப் பாக்க வந்தினமோ அதைக் காட்டினன், மார்க் போட்டினம். இண்டைக்கு உன்ரை பிள்ளைக்கும் அதுதான் நடந்தது. நானும் சேந்து போடவோ?"

படியில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஆரணி கழுத்தில் பதக்கத்தோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. என்னைப் பார்த்து, நான் உங்களுக்கு முதலே சொன்னேன் அம்மா, என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அன்று இரவு குளியலறையில் இருந்து வந்து, சுட்டியைத் தலைமயிரிலிருந்து வெட்டியெடுக்கச் சொன்னாள். இறுதிப் போட்டியில் ரயில் ஆட்டத்தைத்தான் ஆடப்போவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

இறுதிக்கு எட்டுக் கிழமை இருந்தது. வெல்கிற ஆட்டம் கையில் இருக்கும்போது அதை வீசிவிட்டு வேறொன்றைத் தொடங்குகிறவளை என்ன சொல்வது. கெஞ்சினேன், பேசாமல் இருந்தேன், பயிற்சியாளரிடம் போய் அழுதேன். அவர் கையை விரித்தார். கடைக்காரியும் அண்ணையும் என் பக்கம்தான். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த அக்கா என்று நாங்கள் தீர்மானித்தோம்.

அடுத்த சனிக்கிழமை, ஒன்றுமே நடக்காத மாதிரி, சப்பாத்தை இரண்டுதரம் துடைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். துணித்துண்டை ஒட்டினார். நான் எழுந்துபோய் அதைப் பிய்த்தெறிந்தேன். கடை முழுக்க ஆட்கள். அக்கா தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்ளங்கையால் அந்த மூலையை மூடிக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் ஆட்டம் பார்க்கத் தொடங்கினார். ஒரு சோடி போய் இன்னொரு சோடி வந்தது. கை மாற்றுவார், மற்றக் கையால் சுவரில் தாளை வைத்து எழுதுவார், திரும்பவும் கை மாற்றுவார். ஐந்து சோடிகள் ஆடி முடியும்வரை நின்றார். ஆறாவது சோடிக்கு முன்னால் கடைக்காரியே எழுந்து ஒரு துணித்துண்டை எடுத்து ஒட்டிவிட்டார். அந்தச் சனிக்கிழமையில் எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பையும், அதற்குள்ளேயே எழும்பிய மரியாதையையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

இறுதிப் போட்டி வேறொரு நகரத்தில் நடந்தது. பனித்தளச் சங்கத்து பஸ்ஸில் போனோம். அக்கா எங்களோடு வரவில்லை. தானே ரயிலெடுத்து வந்து மேல்வரிசையில் தனியே இருந்தார். ஆரணி சாம்பல்நிற ஜக்கற் போன்ற ஓர் உடையில், முகத்தில் பூச்சில்லாமல் வெளியே வந்தாள். சலசலப்பு ஒன்றும் இல்லை.

பியானோ தொடங்கியது. அவள் நின்றாள். ஒரு காலில் இருந்து மற்றக் காலுக்கு மாறினாள். தகவல் பலகையைப் பார்ப்பதுபோல நிமிர்ந்தாள், விலகிப் போனாள், திரும்பி வந்தாள், இன்னும் வேகமாக விலகிப் போனாள். தோளைச் சுருக்கி, கைகளை அக்குளுக்குள் விட்டு, வளைந்து வளைந்து ஓடினாள். ஒரு கட்டத்தில் இசை நின்றது. அவள் காதை நீட்டித் தண்டவாளத்தைக் கேட்பதுபோல ஒற்றை விளிம்பில் சாய்ந்து மிதந்தாள், ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த அண்ணை திடீரென்று, இது எங்கடை டி ரயில் அல்லோ, என்றார். எனக்கு அது முன்னமே தெரிந்துவிட்டது. அவள் எத்தனை விடியல்களில் அந்த ரயில் மேடையில் தனியாக நின்றாள் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அழுதேன். பிறகு பயந்தேன், ஏனென்றால் நடுவர் வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு பேரில் ஏழாமிடம். கலைக்கான மார்க்தான் காலை வாரியது. ஆட்டத்தின் கதை சின்னது, பாத்திரம் தெளிவில்லை என்று நடுவர்கள் கருதியதாகப் பயிற்சியாளர் வந்து சொன்னார். முத்திரை ஆட்டத்துக்கு வந்த மார்க் இதற்கும் வந்திருந்தால் இரண்டாமிடம் என்று என் மூளை தானாகவே கூட்டிப் பார்த்தது. மகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என்னிடம் வரவும் இல்லை. பிளேட்டுக்கு உறை மாட்டிக்கொண்டு, ரக் ரக் என்று படிகளில் ஏறி நேரே மேல்வரிசைக்குப் போனாள். கையை நீட்டினாள். அக்கா தாளைக் கொடுத்தார். இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரணி சட்டென்று நிமிர்ந்து ஏதோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அவள் மறுபடி சொன்னாள். என் மகள் குரல் உயர்த்திப் பேசியதை ஆசிரியர்கள்கூடக் கேட்டதில்லை. என்னவோ ஏதோ என்று ஓடி ஏறினேன்.

மூன்று நிரலும் நிரம்பியிருந்தன. ஆளுக்கு எட்டு. அக்கா யாருக்காவது எட்டுப் போட்டு நான் கண்டது அதுதான் முதல்தரம். ஆனால் ஆரணி அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் விரல் கால் என்ற நிரலில் இருந்த ஆறரையில் குத்திக்கொண்டு நின்றது. தனக்கு ஏழு வரவேண்டும் என்றாள். ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே போகிற அந்த வரிசையில், மூன்றாவது சுற்றில் மற்றக் கால் பனியில் பட்டது என்றார் அக்கா. படவில்லை என்றாள் இவள். பட்டது. படவில்லை. வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

"எழுதினது எழுதினதுதான் பிள்ளை. மாத்தமாட்டன்."

ஆரணி இடுப்பில் கையை ஊன்றினாள். எனக்கு எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொன்ன பிள்ளை, முகமெல்லாம் சிவந்து, தட்டித் தடக்கித் தமிழில் சொன்னாள்.

"இல்லை அன்ரி, படேல்லை. எனக்குத் தெரியும். நான்தானே ஆடினது."

அக்கா மாற்றவில்லை. ஆரணியும் விடவில்லை. பஸ் இரண்டாம் முறை ஹோர்ன் அடிக்கும்வரை நான் நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.